முப்பது மில்லிமீட்டர் ஈயம்

வெட்டுச்சட்டத்தின் வெளிமுனை இரண்டு விரற்கடை முன்னால் நிற்க வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் நொச்சிக்காட்டுவலசு வெள்ளியங்கிரி. நாள், கிழமை எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். ஒருவரிடமிருந்து ஒன்றைத் தெரிந்துகொண்டால் முதலில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்றது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொன்னேன்.

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். மோர் குடிப்பீர்கள் அல்லவா? டிராக்டரிலேயே வந்திருக்கிறீர்கள், பிடித்திருந்தால் கையோடு மாட்டிக்கொண்டு போய்விடும் எண்ணம் போலும். நல்லது. செங்குட்டுவன், அவன் என் மகன், ஓசூரிலிருந்தபடியே கைப்பேசியில் இயந்திரத்தின் படத்தைப் போட்டுவிட்டு, "ஆள் வருவாங்கம்மா, காட்டிவிடு" என்றான். ஒரு வாரமாக ஒருவரும் வரவில்லை. இன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள். இருங்கள், இருங்கள். நான் சொல்லி முடித்த பிறகு நீங்கள் பேசலாம். பாடத்தின் நடுவில் கை தூக்குவது எனக்கு என்றைக்குமே பிடிக்காது.

அதோ வேப்பமரத்தடியில் நிற்கிறதே, அதுதான். டிராக்டரின் பின்னால் பூட்டினால், வலப்பக்கம் ஐந்தடி நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் தரையோடு தரையாக நீண்டிருக்கும். சட்டத்தில் இரும்பு விரல்கள். விரல்களுக்கு இடையில், முக்கோணப் பற்கள் வைத்த ஒரு கத்தி இங்கும் அங்கும் ஓடும். முடிதிருத்துபவரின் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தலைக்குப் பதில் காட்டில் ஓட்டுகிறோம். வெள்ளியங்கிரி இதைக் 'கட்டர் பார்' என்பார். நான் வெட்டுச்சட்டம் என்பேன். இரண்டு ஆண்டுகள் இருவரும் அவரவர் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தோம், புல்லும் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

இந்த நிலம் ஆறு ஏக்கர். கொரங்காடு என்று நம் பக்கத்தில் சொல்வோம் அல்லவா, கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் காடு. முழுதும் கொழுக்கட்டைப் புல். ஏர் கண்ட நிலம் அன்று. முழங்கால் உயரப் புல்லுக்கடியில் கல் எங்கே இருக்கிறது, கறையான் புற்று எங்கே இருக்கிறது, பள்ளம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வெள்ளியங்கிரிக்குத் தெரியும். புல் கொஞ்சம் நிறம் மாறி நின்றால், "அங்க கல்லு கெடக்குதுங் டீச்சர்" என்று சட்டத்தைத் தூக்கிவிடுவார். இயந்திரம் என்னுடையது. டிராக்டர் அவருடையது. அப்படி ஓர் ஏற்பாடு.

இதையும் கேளுங்கள், இதுதான் முக்கியம். என்னிடம் ஐந்து மாடுகள் உள்ளன. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐப்பசி முதல் தேதி. அன்றைக்குள் ஆறு ஏக்கர் புல்லும் போரில் ஏறிவிட்டால் மாடுகள் கோடையைத் தாண்டும். நானும் இங்கேயே இருப்பேன். ஏறாவிட்டால், செங்குட்டுவன் வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வருவான். மாடுகள் ஒரு வண்டியில், நான் ஒரு வண்டியில். ஓசூரில் ஏழாவது மாடி. மருமகள் நல்ல பெண். பேத்தி என்னைப் பார்த்தால் 'ஹாய்' என்பாள். நான்தான் வாக்குக் கொடுத்தேன்; கொடுத்த வாக்கை மாற்றமாட்டேன். இன்று செவ்வாய். இன்று வெட்டினால் புதன், வியாழன், வெள்ளி காயும். சனிக்கிழமை அள்ளிப் போர் போடலாம். ஆகவே இன்றுதான் கடைசி நாள். நான்கு ஏக்கர் எழுபது சென்ட் முன்பே வெட்டிப் போர் போட்டாயிற்று. ஒரு ஏக்கர் முப்பது சென்ட் அப்படியே நிற்கிறது. அங்கே பாருங்கள், காற்றில் சாய்கிறதே, அதுதான்.

ஏன் நிற்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? கேட்கவில்லையா? சரி, நானே சொல்லுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் வெள்ளியங்கிரி தம் விருப்பம்போல் பூட்டி ஓட்டினார். அதில் எனக்கு ஒரு குறை இருந்தது. சட்டத்தைச் செங்கோணமாக நிறுத்தமாட்டார். வெளிமுனையைக் கொஞ்சம் முன்னால் தள்ளியே வைப்பார். பார்ப்பவர்களுக்குக் கோணலாகத் தெரியும். நான் கேட்டேன், "என்ன வெள்ளியங்கிரி, சட்டம் கோணலாக நிற்கிறதே?" அவர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். "ரெண்டு வெரக்கடை முன்னால நிக்கோணுமுங் டீச்சர். நிக்கறப்போ கோணலாத்தான் இருக்கும், ஓடறப்போ நெட்டுக்கு வந்துருமுங்." நிற்கும்போது கோணல், ஓடும்போது நேர்! இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆனாலும் பேசாமல் இருந்தேன்.

மனிதர் நல்லவர். அதை மறைக்கக் கூடாது. தினமும் மாலை ஐந்தரை மணிக்குத் தம் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் வேலிப் படலுக்கு வெளியே வண்டியை நிறுத்துவார். ஒரு தேநீர். இருபது நிமிடம். நாளிதழை நான் வாசிப்பேன், அவர் கேட்பார். கண்ணாடி கொண்டுவர ஒரு நாளும் அவருக்கு நினைவு வராது. "மறந்துட்டு வந்துட்டனுங் டீச்சர், நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்பார். தலையங்கம் முதல் வானிலை வரை வாசிப்பேன். ஒற்றுப்பிழை வந்தால் நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் மேலே வாசிப்பேன். அவருக்கு அது பயனாக இருந்திருக்கும்.

கோடையில் எனக்கு நேரம் இருந்தது. இருந்தது என்றால், வேலை இல்லாமல் அன்று. நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்துபவர்களுக்கு நேரம் இருக்கும். இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கையேடு ஒன்று பெட்டியில் கிடந்தது. நாற்பத்து நான்கு பக்கம். நான் தமிழ்வழியில் படித்தவள். தமிழ்வழியில் பயிற்சி பெற்றவள். ஆங்கிலம் என் பாடம் அன்று. ஆயினும் அகராதி இருக்கிறது, நான் இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். நாற்பத்து நான்கு நாளில் முழு நூலையும் தமிழில் எழுதி முடித்தேன். ஒரு சொல்கூட வேற்றுமொழி கலக்கவில்லை. நம் உழவர்களுக்கு இப்படி ஒரு நூல் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

ஆவணி கடைசியில் வெள்ளியங்கிரி புல் வெட்ட வந்தார். குறிப்பேட்டை எடுத்து வாசித்துக் காட்டினேன். "கரடுமுரடான நிலத்தில் காலணியை இறக்கி, சட்டத்தைத் தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்த்துக."

அவர் தம் காலைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். "ஏனுங் டீச்சர், யாரு செருப்புங்?"

சட்டத்தின் அடியில் தரையில் உராய்ந்து வரும் அந்த இரும்புத் தகடுதான் காலணி என்று விளக்கினேன். "அட, ஷூவுங்களா!" என்று சிரித்தார். புல் அள்ள வந்திருந்த பெண்கள் மூவரும் சிரித்தார்கள். 'ஷூ' என்றால் புரிகிறது, 'காலணி' என்றால் சிரிப்பு வருகிறது. நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அன்று முதல் வண்டியில் ஏறும்போதெல்லாம், "டீச்சர், செருப்பைக் கழட்டீட்டு ஏறட்டுங்களா, போட்டுட்டு ஏறட்டுங்களா?" என்று ஒரு கேலி. நான் பொருட்படுத்தவில்லை.

இரண்டு நாளில் நான்கு ஏக்கர் எழுபது சென்ட் முடிந்தது. மூன்றாம் நாள் காலை நான் ஈயத்தோடு வந்தேன்.

ஆம், ஈயம். கையேட்டின் இருபத்தேழாம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. என் மொழிபெயர்ப்பைச் சொல்லுகிறேன்: "வெட்டுச்சட்டத்தின் வெளிமுனையில் முப்பது மில்லிமீட்டர் ஈயம் கொடுக்கப்பட வேண்டும்." எவ்வளவு தெளிவு! இரண்டு ஆண்டுகளாக இல்லாத ஒன்று. மூலனூரில் பழைய இரும்புக் கடைக்குப் போய், பழைய மின்கலத்து ஈயத்தை உருக்கி, சரியாக முப்பது மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கட்டி செய்து தரச் சொன்னேன். கடைக்காரர், "எதுக்குங் டீச்சர், மீன் புடிக்கறதுக்குங்களா?" என்றார். படிப்பில்லாதவர். ஒன்றரைக் கிலோ எடை. ஆணி போட இரண்டு துளையும் வைத்தாயிற்று.

வெள்ளியங்கிரி அதைக் கையில் வாங்கினார். எடை பார்த்தார். "இத எங்கீங் கட்டறது?"

"வெளிமுனையில். அதற்கு முன் சட்டத்தைச் செங்கோணமாக நிறுத்துங்கள்." மூலைமட்டம் நானே கொண்டுவந்திருந்தேன். வகுப்பறையில் பயன்படுத்திய பெரிய மரமட்டம்.

"டீச்சர், இது ஆகாதுங். ஏற்கெனவே அந்த மொனை பின்னாலதான் இழுக்கும். அதுல போயி பாரத்தக் கட்டுனா..."

"நூலில் இருக்கிறது."

"நூல்ல இருக்கலாமுங். காட்டுல கல்லு இருக்குதுங்களே."

"வெள்ளியங்கிரி, நூலில் இருக்கிறது."

கட்டினார். அதைச் சொல்ல வேண்டும். நான் சொன்னபடியே மட்டம் பார்த்து நிறுத்தி, ஈயத்தைக் கட்டி, வண்டியில் ஏறினார். அன்றைக்குச் செருப்புக் கேலி இல்லை.

இரண்டு சுற்று. முதல் சுற்றில், வெட்டிய இடத்தில் வரிவரியாகப் புல் நின்றது. அரைகுறையாக மழித்த தாடை மாதிரி. இரண்டாம் சுற்றில் சட்டம் மூன்று முறை கல்லில் இடித்துப் பின்னால் மடங்கியது. இடித்தால் முறியாமல் மடங்கிக்கொள்ள ஒரு கொக்கி இருக்கிறது. வண்டியைப் பின்னால் எடுத்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். மூன்று முறையும் இறங்கிப் பார்த்து, ஏறி, பின்னால் எடுத்துப் பூட்டினார். நான்காவது முறை கல் எதுவும் இல்லை. இரும்பு கருகும் வாடை வந்தது. பிறகு 'டக்' என்று ஓர் ஓசை. கத்தியை இங்கும் அங்கும் இழுக்கிற முனை, அதைக் கத்தியின் தலை என்பார்கள், முறிந்து போயிற்று.

வேகமாக ஓட்டினீர்கள் என்றேன். அவர் வண்டியிலிருந்து இறங்கினார். கத்தித் தலையைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார், அவ்வளவு சூடு. "டீச்சர், ஈயத்தக் கழட்டிப் போட்டுட்டுப் பழையபடி வெக்கறனுங். தலைய நான் மத்தியானம் தாராபுரம் கொண்டுபோயி மாத்திட்டு வந்தர்றன். சாயங்காலம் முடிச்சரலாமுங்" என்றார். அதற்கு நான் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். வண்டியிலிருந்து இயந்திரத்தைக் கழற்றினார். காட்டின் நடுவிலேயே, அந்த வேப்பமரத்தடியில், வைத்துவிட்டார். போய்விட்டார். ஒப்புக்கொண்ட வேலையில் ஒரு ஏக்கர் முப்பது சென்ட் பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தைக்காக!

அன்று மாலை ஐந்தரைக்கு இரண்டு டம்ளரில் தேநீர் போட்டேன். கோபம் அரை நாளுக்கு மேல் நிற்காது என்பது என் கணிப்பு. ஆறு மணிக்கு இரண்டையும் நானே குடித்தேன். வீணாக்கக் கூடாது. நாளிதழை வாய்விட்டு வாசித்தேன், பழக்கம். தலையங்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தினேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். பிழையைத் திருத்துவதற்கு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

மறுநாள் வேறு டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். ஒருவர், "அந்தக் கல்லுக் காட்டுக்குள்ள நம்மளால ஆகாதுங்" என்றார். இன்னொருவர் வந்தார், படல் வரைக்கும் வந்தார். யார் ஓட்டிய காடு என்று கேட்டார். சொன்னேன். "வெள்ளியங்கிரியண்ணன் பாதியில வுட்ட காட்டுல நாங்க எறங்கறது மொறையில்லீங் டீச்சர். அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், வாரனுங்" என்று திரும்பிவிட்டார். இப்படி ஒரு வழக்கம்! அவர் வேலை செய்யவும் மாட்டார். அவர் சொல்லாமல் பிறர் செய்யவும் கூடாது.

சரி, இயந்திரமாவது தயாராக இருக்கட்டும் என்று கத்தியை நானே உருவி எடுத்தேன். ஐந்தடிக் கத்தி. சாக்கில் சுற்றிக்கொண்டு தாராபுரம் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் என் மாணவன். "டீச்சர், கத்தியோட யார வெட்டக் கெளம்பிட்டீங்க?" என்றான். பேருந்தே சிரித்தது. என் சீட்டோடு கத்திக்கு ஒரு சுமைச் சீட்டும் கொடு என்று சொல்லி, கத்தியின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

லேத் பட்டறைக்காரர் முறிந்த தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளிமொனைக்கு லீடு குடுக்கலீங்களா?" என்று கேட்டார்.

"கொடுத்தேன். முப்பது மில்லிமீட்டர்."

"முப்பது கரெக்டுதானுங்களே. அப்புறம் எப்படி ஒடஞ்சுது?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றேன். எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? நூல் சொன்னது சரி, நான் செய்தது சரி, படித்த ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒன்றரைக் கிலோ வந்தது" என்றேன்.

"எதுங் ஒன்றரைக் கிலோ?"

"அந்த ஈயம்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் வேலை செய்தவரைப் பார்த்தார். குனிந்து புதுத் தலையைப் பொருத்தத் தொடங்கினார். அவருடைய தோள் மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

கத்தியைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, அன்று மாலை அகராதியில் எல்-ஈ-ஏ-டி என்ற அந்தச் சொல்லை மறுபடி எடுத்தேன். ஈயம். சரியாகத்தான் இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். அதே எழுத்துக் கூட்டல், 'லெட்' அன்று, 'லீட்' என்று வேறு ஒலி, வேறு சொல்: முன்செல்லுதல், முந்தி நிற்றல். எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு, பொருள் இரண்டு. ஆங்கிலேயர் இப்படி ஒரு மொழியை வைத்துக்கொண்டிருந்தால் அது என் குற்றமா? தமிழில் இப்படி நேருமா? ஒரு சொல்லின் கடைசிப் பொருள் வரை பாருங்கள் என்று பிள்ளைகளிடம் நான்தான் சொல்லுவேன். அன்றைக்கு நான் பக்கத்தைத் திருப்பவில்லை. சரி.

உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சோதித்துப் பார்க்காமல் எதையும் நான் ஏற்பதில்லை. ஆறடி மூங்கில் ஒன்றை எடுத்தேன். நிற்கிற புல்லுக்குள் போனேன். ஒரு முனையை இடுப்போடு பிடித்து, மறுமுனையைப் பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டு நடந்தேன். நான்கு அடி நடக்கவில்லை, மறுமுனையைப் புல் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பின்வாங்கியது. பிறகு மறுமுனையை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நேராக வந்தது. அந்தக் காட்டைக் குறுக்காக ஒருமுறை நடந்து, திரும்பவும் நடந்தேன். நேராகவே வந்தது. எழுபத்தோரு வயதில் மூங்கிலை நீட்டிக்கொண்டு ஒருத்தி புல்லுக்குள் போவதும் வருவதுமாக இருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பார்க்க ஒருவரும் இல்லை. மாடுகள் பார்த்தன.

வீட்டுக்கு வந்து அளந்தேன். என் விரலில் இரண்டு விரற்கடை முப்பது மில்லிமீட்டர். நூல் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்று. நூலும் சரி, வெள்ளியங்கிரியும் சரி. நடுவில், மொழிபெயர்ப்பில், ஒரு சிறு... அச்சுப்பிழை வகையில் அதைச் சேர்க்கலாம்.

அன்றே நொச்சிக்காட்டுவலசுக்குப் போனேன். அவர் வீட்டில் இல்லை. இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, நான் கேட்கவில்லை. தெருமுனையில் நின்றேன். டிராக்டர் வாசலில் நின்றது. திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகும் ஒருமுறை போனேன். அப்போதும் தெருமுனைதான். நான் போய் என்ன சொல்வது? அகராதியில் இரண்டு சொல் இருக்கிறது என்றா?

என்ன பார்க்கிறீர்கள்? அன்றைக்கு என்ன வார்த்தை சொன்னேன் என்றா? சாதாரண வார்த்தைதான் என்றேனே. "எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்" என்றேன். பெண்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். மூவரும் அவருடைய ஊர். அதைச் சொன்னபோது என் குரல் வகுப்பறையில் இருப்பது போல இருந்தது. அந்தக் குரல் கடைசி வரிசை வரை கேட்கும்.

அது இருக்கட்டும். விலைக்கு வருவோம். சட்டத்தைச் சரியாக நிறுத்தத் தெரியாதவருக்கு நான் விற்கமாட்டேன். உங்களுக்கு எவ்வளவு காடு? கல் உண்டா? ஊர் எது? உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை பாருங்கள்.

ஆறுச்சாமி. நல்லது. எந்த ஊர்?

நொச்சிக்காட்டுவலசா?

யார் வீடு?

...

மருமகனா? வெள்ளியங்கிரியின் மகளைக் கட்டிய மருமகனா?

அப்படியானால் நீங்கள் இயந்திரம் வாங்க வரவில்லை. புல் வெட்ட வந்திருக்கிறீர்கள். வெட்டுவதற்காக வண்டி கொண்டுவந்து, படலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரமாக இங்கே உட்கார்ந்து... இன்றுதான் கடைசி நாள் என்று நான் சொன்னபோதாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஆமாம். ஆமாம், நான் எங்கே சொல்ல விட்டேன்.

என்ன சொல்லி அனுப்பினார்? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். உங்கள் சொல்லில் வேண்டாம், அவர் சொல்லில்.

"டீச்சர் எப்படி வெக்கச் சொல்றாங்களோ அப்படியே வெச்சு ஓட்டு. ஈயத்தக் கட்டச் சொன்னாலும் கட்டீரு. பிளேடு ஒடஞ்சா ஒடைஞ்சுட்டுப் போகுது, வாய் பேசாத."

அப்படியா சொன்னார்.

அவர் ஏன் வரவில்லை? மூஞ்சியைக் காட்ட ஒரு மாதிரியாக இருக்கிறதாமா? அவருக்கா? அவர் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்குக் கண்ணாடி எத்தனை? வீட்டில் வைத்துவிட்டு வருவாரே, அது.

கண்ணாடியே கிடையாதா? வாசிக்கமாட்டாரா, அல்லது... காலையில் இரண்டு நாளிதழா? தேநீர்க்கடையில் உட்கார்ந்து, வரி விடாமலா? அப்புறம் எதற்கு என்னிடம் வந்து...

இருங்கள். மோர் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கொண்டுவருகிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். கொஞ்சம் நேரம் ஆகும்.

*

வாருங்கள் ஆறுச்சாமி, நிழலில் நில்லுங்கள். இறங்கிவிட்டீர்கள் அல்லவா? கைகழுவத் தண்ணீர் இங்கே இருக்கிறது. நன்றாக ஓட்டினீர்கள். சட்டம் ஒருமுறைகூட மடங்கவில்லை. நூல்கயிற்றைப் பிடித்து நான் அளந்து நிறுத்தியதும் ஒரு காரணம். ஆனால் கல் வந்த இடத்தில் தூக்கியது நீங்கள். புல் சீராக, ஒரே உயரத்தில் விழுந்திருக்கிறது. வரி இல்லை.

நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருக்கவில்லை. குறிப்பேட்டில் இருபத்தேழாம் பக்கத்தைத் திருத்தியிருக்கிறேன். 'ஈயம்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மேலே, "வெளிமுனை முப்பது மில்லிமீட்டர் முன்னே நிற்க வேண்டும்" என்று எழுதி, பக்க ஓரத்தில் 'வெள்ளியங்கிரி சொன்னது' என்று போட்டிருக்கிறேன். என் எழுத்தில் நானே சிவப்பு மை வைத்தது இதுவே முதல் தடவை. இந்தாருங்கள், இதை அவரிடம் கொடுங்கள். அவருக்குத்தான் படிக்கத் தெரியுமே. அந்தப் பெண்கள் மூவரும் இருக்கும்போது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். காலணி என்று இருக்கும் இடத்தை நான் மாற்றவில்லை. அதில் பிழை இல்லை.

செங்குட்டுவனிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை போர் ஏறிவிடும், மாடுகள் இருக்கும், நீ சும்மா வந்து பார்த்துவிட்டுப் போ என்றேன். "யாரும்மா வெட்டினாங்க?" என்றான். ஆள் வந்தார் என்றேன்.

இன்னும் ஒன்று. வடமேற்கு மூலையில் வெள்வேல் மரத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டிருந்தேனே, அதற்குள் போக வேண்டாம் என்று கை காட்டினேனே. திருப்பும்போது ஒரு சுற்றில் அதையும் முடித்துவிடலாம் என்று நீங்கள் பார்த்தீர்கள். எனக்குத் தெரிந்தது. வேண்டாம். அது நிற்கட்டும். நாற்பதடிக்கு முப்பத்து மூன்றடி, மூன்று சென்ட். மாட்டுக்கு ஒரு வாரம்கூடக் காணாது. அதனால் என் வாக்குக்கும் குறைவு வராது. மழை பெய்தால் நனையட்டும். நீங்கள் மறந்து விட்டுவிட்டதாகச் சொல்ல வேண்டாம், அது பொய். டீச்சர் விடச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். அதை ஒப்புக்கொண்டவரே வந்து வெட்ட வேண்டும். மருமகனை அனுப்பினால் செல்லாது. மாலை ஐந்தரைக்கு மேல் எந்த நாளும் வரலாம்.

எழுதிக்கொள்ளுங்கள், மறந்துவிடுவீர்கள். பேனா இருக்கிறதா? இந்தாருங்கள். நின்றது ஒரு ஏக்கர் முப்பது சென்ட். அதில் இன்று தீர்ந்தது, ஒரு ஏக்கர் இருபத்தேழு சென்ட்.